உறங்கிய வானொலி

பழைய பொருளைப் பழுது பார்ப்பதும் வரலாறு படிக்கும் ஒரு வழியே என்றால் நீங்கள் வியக்கக்கூடும். கல்லூரி நாளில் நான் செய்த பிழை ஒன்றே எனக்கு அதை உணர்த்திற்று.

பழைய சாமான் கடையொன்றில் வால்வு வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பல்லாண்டுகள் பரணில் கிடந்த பெட்டி அது. ஆவல் பொறாமல் உடனே மின்சாரத்தில் இணைத்தேன். பாட்டு எழவில்லை, கனத்த ரீங்காரமே எழுந்தது. சில நிமிடங்களில் புகை கிளம்பியது, மின்மாற்றி கருகிவிட்டது. அதைக் கண்ட முதிய மெக்கானிக், "தம்பி, பல வருஷம் தூங்கினவனை உதைத்தா எழுப்புவது?" என்றார்.

அச்சொல்லின் பொருள் விளங்க, வானொலியின் பழங்கதையைச் சிறிது அறிதல் வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் வீட்டு வால்வு வானொலிகள் பெரும்பாலும் மின்கலங்களாலேயே இயங்கின. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு கலம். அதன் தகட்டுக்கு உயர் அழுத்தம் தர மற்றோர் அடுக்கு. முன்னதற்கு அடிக்கடி மின்னேற்ற வேண்டும். பின்னது தீர்ந்தால் புதிது வாங்க வேண்டும். விளக்கெரிக்கும் மின்சாரம் வீட்டிலிருக்க, இத்தொல்லை எதற்கு? அம்மின்சாரம் பெரும்பாலும் திசை மாறி மாறி ஓடுவது. வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் அமைதியாக ஓடுவது.

இவ்விடரைத் தீர்க்கும் கருவிகள் முன்பே பிறந்திருந்தன. ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் வால்வை 1904-இல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் கண்டார். அலுமினியத்தின்மேல் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தையே காப்பாகக் கொண்ட மின்தேக்கிக்குக் கரோல் போலாக் 1896-இலேயே காப்புரிமை கோரினார். 1925-இல் கனடாவின் டொரான்டோ நகரில் எட்வர்டு ராஜர்ஸ் மின்கலம் வேண்டாத வானொலியை வெளியிட்டார். பின்னர் வந்த பெட்டிகளில் மின்மாற்றி அழுத்தத்தை உயர்த்தும். வால்வு திசையை நேராக்கும். மின்தேக்கி அலையைத் தணிக்கும். இம்மூன்றும் கூடியதே மின்வழங்கி.

என் பெட்டியில் முதலில் கெட்டது மின்தேக்கி. உபயோகமின்றிக் கிடக்கக் கிடக்க அதன் படலம் நலிகிறது. நலிந்த படலத்தின்மீது முழு அழுத்தமும் ஒரேயடியாக விழுந்தால் மின்சாரம் கசிந்து பெருகும். அச்சுமையைத் தாங்காமலே மின்மாற்றி கருகியது. தணியாத அலையே நான் கேட்ட ரீங்காரம்.

அடுத்த ஆண்டு வேறொரு பெட்டி கிடைத்தது. இம்முறை மெக்கானிக் அருகிருந்தார். மின்தேக்கிகளைக் கழற்றி, ஒரு மின்தடை வழியாக அழுத்தத்தைச் சிறிது சிறிதாக, மணிக்கணக்கில் உயர்த்தினோம். ஒன்றில் படலம் மீண்டும் படிந்து கசிவு நின்றது. மற்றொன்று தேறவில்லை, புதிது பொருத்தினோம். பிறகு பெட்டியை ஒரு குண்டு விளக்குடன் தொடராக இணைத்தோம். விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. அது நல்ல அறிகுறி. ஒளி குறையாதிருந்தால் உள்ளே கோளாறு உண்டென்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு; விசையை அணைத்த பின்னும் மின்தேக்கி அதைத் தேக்கி வைத்திருக்கும். தேர்ந்தவர் துணையின்றி அதைத் தொடலாகாது.

அன்று மாலை அப்பெட்டி பேசிற்று. எனக்கு மகிழ்ச்சியோடு வருத்தமும் உண்டாயிற்று. முதற்பெட்டியும் இவ்வாறே பேசியிருக்குமே! அதன் கருகிய மின்மாற்றி இன்றும் என் மேசைமீது இருக்கிறது. முன்னோர் செய்து வைத்ததைத் தொடுமுன், அது எவ்வாறு இயங்கிற்று என்று அறிந்துகொள் என அது எனக்கு நாள்தோறும் சொல்லி வருகிறது.