கையிலிருந்து நாவுக்கு: ‘டேஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் நாச்சுவையைக் குறிக்கும் ‘டேஸ்ட்’, நாவுக்கென்று பிறந்த சொல் அன்று. அதன் மூலமான பழைய பிரெஞ்சு வினைக்குத் தொட்டுப் பார்த்தல், தடவி அறிதல் என்பதே முதற்பொருள். 1300ஐ ஒட்டி அது இங்கிலாந்துக்குள் வந்தபோது அந்தப் பொருளும் கூடவே வந்தது; கையால் தடவிச் சோதிப்பதையும் இடைக்கால ஆங்கிலம் ‘டேஸ்ட்’ என்றே சொன்னது. இன்றைய பிரெஞ்சில் அதே வினை ‘தாத்தே’ என்ற வடிவில் இன்னும் கையின் வேலையைத்தான் குறிக்கிறது. பிரெஞ்சுக்காரர் சுவைக்கு இலத்தீன் ‘குஸ்துஸ்’ வழிவந்த ‘கூ’ என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயரோ தொடும் வினையையே வாய்க்குள் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குமுன் அவர்களிடம் சொல் இல்லாமலில்லை. பழைய ஆங்கிலத்தில் சுவைக்கு ‘ஸ்மாக்’ இருந்தது. ஜெர்மானியர் இன்றும் சுவைப்பதை ‘ஷ்மெக்கன்’ என்கிறார்கள். 1066இல் நார்மானியர் நாட்டைப் பிடித்தபின் அரண்மனையிலும் பெருந்தனக்காரர் விருந்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. ‘ஸ்மாக்’ ஓரத்துக்குப் போயிற்று. ‘பிளெஷர்’, ‘டிலைட்’, ‘டெலிஷஸ்’ எல்லாம் பிரெஞ்சு வழியே வந்த இலத்தீன் சொற்கள். ‘டிலைட்’டுக்கும் ஒளியைக் குறிக்கும் ‘லைட்’டுக்கும் உறவில்லை, 16ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கூட்டலில் மட்டும் அந்தச் சாயல் ஏறிக்கொண்டது.

நாட்டுச் சொற்களில் ‘லஸ்ட்’ அடைந்த வீழ்ச்சி என்னை வருந்தச் செய்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது விருப்பம், மகிழ்ச்சி என்ற பரந்த பொருளுடைய சொல். மாம்ச இச்சையைக் கண்டிக்கும் விவிலிய வாசகங்களில் அதுவே மொழிபெயர்ப்பாக அமைந்து அமைந்து, பாவத்தின் பெயராகச் சுருங்கிற்று. ஜெர்மனில் அதன் உடன்பிறப்புக்கு அந்தக் கறை ஒட்டவில்லை.

‘ரெலிஷ்’ வேறு வகை. எஞ்சியது, விட்டுச்சென்றது என்ற பிரெஞ்சுப் பொருளிலிருந்து, விழுங்கியபின் நாவில் தங்கும் சுவைக்கு அது பெயராயிற்று. பிறகு ரசித்து அனுபவித்தலுக்கும். இன்பம் என்பது பொருள் போனபின் நிற்பது என்பதைக் கண்டுகொண்ட சொல் இது.

கலையை மதிப்பிடும் நுண்ணுணர்வையும் சுவை என்பது, ‘சுவைஞர்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இயல்பு. இலத்தீனிலும் ‘சபேரே’ என்ற ஒரே வினை சுவைத்தலையும் அறிவுடைமையையும் குறித்தது; ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ அதிலிருந்து வந்ததே. ஆனால் ஆங்கில ‘டேஸ்ட்’ இந்தப் பொருளில் வேரூன்றியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். மில்டன் 1671இல் வெளியிட்ட ‘பாரடைஸ் ரிகெயின்ட்’ காவியத்தில் அது பாடலின் சிறப்பை உணரும் திறனாக வருகிறது. 1712இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ஜோசப் அடிசன், பத்து வகைத் தேயிலையை நிறம் பாராமல் சுவைத்தே பிரித்தறிந்த ஒருவரைக் காட்டி, நூலின் நயங்களைப் பிரித்தறிவதும் அத்தகையதே என வாதிட்டார்.

டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோலைப் பற்றி எழுதியபோது, ‘டான் குயிக்ஸாட்’ நாவலில் சாஞ்சோ சொல்லும் கதையை எடுத்துக்கொண்டார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவைச் சுவைக்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் தோல் வாடை லேசாக இருக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரார் இருவரையும் கேலி செய்கிறார்கள். பீப்பாயைக் காலி செய்து பார்த்தால், அடியில் கிடந்தது தோல்வார் கட்டிய பழைய சாவி. நாவின் தீர்ப்புக்குச் சான்றாக ஹியூம் முன்வைத்தது கையால் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளை.