அவரை பூக்கும் நாள்: காவிரி டெல்டாவில் விதைவழிக் கல்வி

காய்கறித் தோட்டத்தைப் பள்ளிப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று தஞ்சை மண்ணில் சொல்பவர் இரண்டு வரலாறுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று 1937இல் வார்தாவில் தொடங்கியது. மற்றொன்று 1953இல் சென்னை மாநிலத்தைக் கொதிக்க வைத்தது. தோட்டம் பாடம் கற்பிக்கும். ஆனால் வேலைப் பயிற்சியாகச் சரிந்த அன்றே அந்தத் தகுதியை இழந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா அதில் உறுப்பினர். இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் அமைப்பாளர். ஆதாரக் கல்வி என்றாலே ராட்டை என்று பின்னாளில் ஆகிவிட்டாலும், குழு குறிப்பிட்ட அடிப்படைத் தொழில்களில் காய்கனித் தோட்டமும் ஒன்று. தொழிலைத் தனிப் பாடமாக ஒதுக்காமல், கணக்கையும் அறிவியலையும் அதன் வழியே நடத்துவதுதான் அத்திட்டத்தின் உயிர்நாடி.

டெல்டாவில் இதற்குக் காலம் தானாகவே கூடிவருகிறது. ஜூனில் பள்ளி திறந்தால் ஆடிப் பட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு வாரம் இருக்கும். அதற்குள் 100 வெண்டை விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து, முளைத்ததை எண்ணினால் விழுக்காடு விளங்கிவிடும். 10 அடி நீளம், 4 அடி அகலப் பாத்தியில் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி விட்டால் மூன்று வரிசை, 30 குழி. குழிக்கு இரண்டு என்றால் 60 விதை. முளைப்பு குறைவென்றால் இன்னும் எத்தனை விதை சேர்ப்பது? விதைக்கும் முன் விடை தெரிந்தாக வேண்டிய கணக்கு இது.

இதைவிட ஆழமான பாடம் அவரையில் இருக்கிறது. ஆடியில் ஒரே நாளில் வெண்டையையும் நாட்டு அவரையையும் ஊன்றினால், வெண்டை நாற்பது நாள் அளவில் பூத்துவிடும். அவரையோ பந்தல் நிறையக் கொடியோடி, தழைத்து, பூ வைக்காமல் நிற்கும். தண்ணீர் போதவில்லையா, எரு போதவில்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியர் உடனே விடை சொல்லிவிடக் கூடாது. பஞ்சாங்கத்தில் 'அகசு' என்ற பெயரில் பகற்பொழுதின் அளவு நாழிகைக் கணக்கில் இருக்கும். அதை வாரம் ஒருமுறை குறித்து வரைபடம் போட்டால், ஆனிக்கும் மார்கழிக்கும் இடையே பகல் ஏறத்தாழ மூன்று நாழிகை குறைவது தெரியும். நாழிகைக்கு 24 நிமிடம் என்றால் 72 நிமிடம். பகல் குறுகி இரவு நீண்ட பிறகுதான் நாட்டு அவரை பூவெடுக்கும். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்று புவியியல் பாடத்தில் படித்த வரிக்கு அப்போது பள்ளிக் கொல்லையிலேயே சான்று கிடைக்கிறது.

இனி 1953. ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பின் நியாயம் தஞ்சையில் இன்னும் உறைக்கும். பண்ணையாட்களைக் காக்க 1952இல் தனிச் சட்டம் தேவைப்பட்ட மாவட்டம் இது. சேற்றிலிருந்து பிள்ளையைக் கரையேற்றத்தான் விவசாயக் கூலி பள்ளிக்கு அனுப்புகிறார். அந்தக் கையில் மறுபடியும் மண்வெட்டியைக் கொடுப்பது எளிய காரியமல்ல.

குலக்கல்வி பிறப்பைப் பார்த்து வேலையைப் பிரித்தது. பள்ளித் தோட்டத்திலோ நிலக்காரர் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் முறைவைத்துக் கொத்த வேண்டும், முறைவைத்து எழுத வேண்டும். எருக்கூடை ஒருவருக்கே, நோட்டு இன்னொருவருக்கே என்று ஆகிவிடக் கூடாது. காய்கள் சத்துணவுக் கூடத்துக்குப் போகலாம். இத்தனை கிலோ என்று இலக்கு வைக்கக் கூடாது. ஐப்பசி மழையில் களிமண் பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகினால், பக்கத்து மேட்டுப்பாத்தி எப்படித் தப்பியது என்று எழுதிய வகுப்பு ஒரு காய் பறிக்காவிட்டாலும் பாடத்தைப் படித்துவிட்டது.

மாசியில் முற்றிய அவரை நெற்றைக் காயவைத்து, விதையைச் சாம்பலில் பிசறி அடுத்த வகுப்புக்கு வைக்கலாம். கூடவே, முதல் பூ வந்த தேதியையும் அன்றைய பகலின் நாழிகையையும் எழுதிய நோட்டு போக வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஆடியில் விதை ஊன்ற வேண்டும். அந்தத் தேதியை எழுதிய கை ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கும்போது, 1953 எழுப்பிய கேள்விக்குத் தோட்டம் பதில் சொல்லியிருக்கும்.