வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் - ஒரு போதைக் கணக்கு

போன தடவை பங்குச்சந்தை பற்றி எழுதினேன். இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா குடியை விட ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து நாலு மாதம் தொடவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்தார், அவ்வளவுதான். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று தெருவே சொல்லிவிட்டது. நாங்கள் பி.காமில் படிக்கும் வாராக்கடன் மாதிரி, மனுஷனையே கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள்!

அது சரிதானா என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

1971-ம் வருடம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கிருக்கும் அமெரிக்க சிப்பாய்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை என்று ஸ்டீல், மர்ஃபி என்ற இரண்டு எம்.பி.க்கள் அறிக்கை கொடுத்தார்கள். நாடே பதறிப்போனது. ஜூன் 17-ம் தேதி அதிபர் நிக்சன், போதைதான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் போட்டார். சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால்தான் ஊருக்கு விமானம். தேறாதவர்களை நிறுத்திவைத்து, உடம்பிலிருந்து போதை இறங்கிய பிறகே அனுப்பினார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்காகவே 1935-ல் அரசு ஒரு பெரிய மருத்துவமனை திறந்திருந்தது. அங்கே குணமாகிப் போனவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஊசியைத் தொட்டவர்கள்தான். அப்படியென்றால் இத்தனை சிப்பாய்களும் ஊர் திரும்பினால் என்ன ஆவது?

இதைக் கண்டறிய லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளரை ஜாஃபி நியமித்தார். 1971 செப்டம்பரில் திரும்பிய சிப்பாய்களில் சுமார் 900 பேரை அவர் குழு தேடிப்பிடித்துப் பேசியது. வியட்நாமில் 5-ல் ஒருவர் அடிமையாகவே இருந்தது உண்மை. ஆனால் அப்படி இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானவர்கள் வெறும் 5 சதவீதம்! மூன்று வருடக் கணக்கு எடுத்தாலும் 12 சதவீதம்தான். பலர் நம்பவே இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. அந்த அடிமைகளில் பாதிப் பேர் ஊரில் ஹெராயினை மறுபடி தொட்டிருக்கிறார்கள். ஆனால் எட்டில் ஒருவர்தான் மீண்டும் அடிமையானார். அதாவது ஒருமுறை சறுக்குவது வேறு, முழுசாக விழுவது வேறு.

ஏன் இப்படி? லெக்சிங்டன்காரர்கள் அதே தெருவுக்கு, அதே சகவாசத்துக்குத் திரும்பினார்கள். அங்கே வேலை பார்த்த ஆப்ரகாம் விக்ளர் என்ற மருத்துவர், பழைய இடத்தைப் பார்த்தாலே உடம்பு போதையைக் கேட்க ஆரம்பிக்கும் என்று 1940-களிலேயே எழுதினார். சிப்பாய்களுக்கோ, அந்த 'தெரு' கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. போர் இல்லை, மலிவான ஹெராயின் இல்லை. வீடு, வேலை, குடும்பம் இருந்தது.

இதை வைத்து ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சிப்பாய்களில் பெரும்பாலோர் போருக்கு முன் அடிமைகளாக இருந்தவர்கள் இல்லை. நம் ஆட்களுக்குப் பழக்கமே சொந்த ஊரில்தான் வந்தது. எல்லாரும் ஊரை விட்டுப் போகவும் முடியாது.

அதற்குத்தான் ஆலன் மார்லட் வழி சொன்னார். 1985-ல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து மறுசறுக்கலைத் தடுப்பது பற்றி ஒரு புத்தகமே போட்டார். மனச்சோர்வு, சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல் - ஆபத்தான நேரங்கள் பெரும்பாலும் இவைதான் என்றார். அவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்து, அப்போது என்ன செய்வது என்று பழகி வைக்க வேண்டும். சறுக்கியவன் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று நினைப்பதுதான் அவனை முழுசாகக் கவிழ்க்கிறது என்றும் சொன்னார்.

இதைப் படித்ததும் தெருவில் நாங்கள் மாமாவிடம் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்து சுருக்கென்றது. அந்த "எல்லாம் போச்சு"வை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தானே?

மாமா மறுபடி மையத்துக்குப் போய் வருகிறார். சாயங்காலம் ஆறரை மணிதான் அவருக்குக் கஷ்டமான நேரமாம். இப்போது அந்த நேரத்தில் நானும் அவரும் கடைத்தெரு பக்கம் போகாமல் ஏரிக்கரை வரை நடக்கிறோம். கிரிக்கெட்தான் பேசுவோம். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. ஆனால் இந்தக் கடனை நான் தள்ளுபடி செய்வதாக இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை அவர் சறுக்கும்போது வாயைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.