பானு முஷ்தாக்

பானு முஷ்தாக் (பிறப்பு: ஏப்ரல் 3, 1948) கர்நாடக மாநிலம் ஹாசனைச் சேர்ந்த கன்னடச் சிறுகதை எழுத்தாளர், வழக்கறிஞர். 'பண்டாய' எனப்படும் எதிர்ப்பிலக்கிய இயக்கத்தில் பங்கேற்றவர். முஸ்லிம் பெண்களின் அன்றாட வாழ்வும் அவர்கள் எதிர்கொள்ளும் ஒடுக்குமுறையும் இவரது கதைகளின் மையப்பொருள் ஆகும். பெண்கள் பள்ளிவாசலில் தொழும் உரிமைக்காகக் குரல் கொடுத்தமையால் 2000 ஆம் ஆண்டில் சமூகப் புறக்கணிப்புக்கு உள்ளானார். இவரது 'கரி நாகரகளு' கதையைத் தழுவி கிரீஷ் காசரவள்ளி 'ஹசீனா' (2004) திரைப்படத்தை இயக்கினார்.

பன்னாட்டு புக்கர் பரிசு

இவர் 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளுள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துத் தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'ஹார்ட் லாம்ப்' என்னும் அந்நூல் 2025 மே மாதத்தில் பன்னாட்டு புக்கர் பரிசு பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் கன்னட நூலும் முதல் சிறுகதைத் தொகுப்பும் இதுவே. பரிசுத்தொகையான 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரப்பட்டது.