கோபிநத்தமும் சந்தனத் தொழிலும்

கோபிநத்தம், கர்நாடகத்தின் தென்கோடியில் காவிரியையும் தமிழ்நாட்டு எல்லையையும் ஒட்டிய காட்டுக் கிராமம். 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில், கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. மொழிவழிப் பிரிவினையில் மைசூருக்குப் போனது. 1997இல் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகருக்கு வந்தது. வீடுகளில் பேச்சு இன்றும் தமிழ்தான். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் பிறந்த ஊர் என்றுதான் வெளியுலகம் இதை அறியும். தொழில் வரலாற்றில் இந்த ஊருக்கு வேறொரு இடமும் உண்டு. மூலப்பொருள் காட்டில் தானாக விளைகிறது என்று நம்பிய ஒரு பெருந்தொழிலின் கணக்கு எங்கே பிசகியது என்பதை இங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரச மரமாக்கினார். அதை அரசு தவிர வேறு யாரும் வெட்டக் கூடாது. பின்வந்த மைசூர் மன்னர்களும் அவர்களுக்குப் பிந்தைய அரசுகளும் இந்த ஏகபோகத்தை விடவில்லை. நெடுங்காலம் கட்டையாகவே ஏலம் போய், ஐரோப்பாவில்தான் எண்ணெய் வடிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து முடங்க, கட்டைகள் கிடங்கில் தேங்கின. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் விஸ்வேஸ்வரய்யா திவானாகவும் இருந்த அந்த நாளில், 1916இல், எண்ணெயை மைசூர் அரசே வடிக்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் மைசூர் சாண்டல் சோப்பு. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் அதன் முத்திரை. 1980இல் இத்தொழில் கர்நாடக சோப்ஸ் அண்டு டிடர்ஜென்ட்ஸ் என்ற அரசு நிறுவனமாயிற்று.

கட்டைக்கு 18 தரங்கள். முதல் தரம் விலாயத் புத், அடுத்தது சீனா புத், பிறகு பஞ்சம். முதல் இரண்டு தரங்களும் எந்தக் கப்பலேறும் என்பது பெயரிலேயே இருக்கிறது. மணம் மரத்தின் வைரத்தில் மட்டுமே உண்டு; சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு வாசமில்லை. வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு பிடுங்குகிறார்கள். அறுவடை என்றால் இங்கே அடியோடு அழிப்பு.

மீண்டும் வளர்ப்பதும் எளிதல்ல. சந்தனம் பாதி ஒட்டுண்ணி: அக்கம்பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டி நீரையும் சத்தையும் உறிஞ்சும். கன்றாக இருக்கையில் பக்கத்தில் துவரை நடுவார்கள். வளர்ந்தபின் சவுக்கோ வேறு மரமோ வேண்டும். தனியாக நட்டால் கன்று சோர்ந்துவிடும். வைரம் பாயப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும், நல்ல கட்டைக்கு முப்பது. போதாததற்கு ஸ்பைக் நோய். 1899இல் குடகில் கண்டறியப்பட்ட இது, இலைகளைச் சிறுக்கவைத்து முள்போல் விறைக்கச் செய்து மரத்தைக் கொன்றுவிடும்.

இத்தனைக்கும் நடுவில் மரத்தை வளர்ப்பது வனத்துறையின் பாடு, எண்ணெய் எடுப்பது ஆலையின் பாடு என்று பொறுப்பு பிரிந்து கிடந்தது. விவசாயியின் நிலை இன்னும் விசித்திரம். அவர் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசுக்குச் சொந்தம். திருடு போனால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர். கன்று தலைகாட்டியதுமே பிடுங்கி எறிந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

வீரப்பன் வளர்ந்தது இந்த ஏற்பாட்டின் இடுக்கில்தான். 1952இல் பிறந்தவர், யானைத் தந்தத்தில் தொடங்கிச் சந்தனக் கட்டைக்கு வந்தார். மரம் யாருடையது என்பதில் கிராமத்துக்கு எந்தப் பங்கும் இல்லாதபோது, கூலி கொடுத்து வெட்டச் சொல்பவன் பின்னால் ஆள் சேர்ந்தது.

இதற்கு வேறு வழி தேடியவர் வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ். கோபிநத்தத்திலேயே தங்கி, குடிநீர், மருத்துவம், வீடு என்று ஊர்க்காரர்களின் தேவைகளைக் கவனித்தார். ஊருக்கு மாரியம்மன் கோயில் கட்டித் தந்தார். காட்டைக் காப்பதில் ஊருக்கும் லாபம் இருக்க வேண்டும் என்பது அவர் போக்கு. சரணடைவதாகச் சொல்லி அனுப்பிய செய்தியை நம்பிப் போனவரை 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கொன்றார். அரசு ஸ்ரீநிவாஸுக்குக் கீர்த்தி சக்ரா விருது அளித்தது. ஊரில் அவர் பெயர் இன்றும் சாமி பெயரோடு சேர்ந்தே வரும். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் காலம். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கட்டை வரத்து அதற்கு முன்பே சுருங்கிவிட்டது. 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் தந்த நாடு, பின்னர் சில நூறு டன்னுக்கு இறங்கியது. சந்தனத்தின் பெயரையே தாங்கிய சோப்பு, சந்தனத்துக்கு அலைய வேண்டியிருந்தது. அதே சமயம் ஆஸ்திரேலியாவின் குனுனுர்ரா பகுதியில், 1990களின் இறுதியிலிருந்து, நம் சந்தனத்தை வணிகத் தோட்டமாகவே நட்டு வளர்த்தார்கள்.

திருப்பம் 2001இல் வந்தது. கர்நாடகம் வனச் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றது. மறு ஆண்டு தமிழ்நாடும் அதே வழிக்கு வந்தது. சோப்பு நிறுவனம் விவசாயிகளுக்குக் கன்று தந்து, விளைந்த கட்டையைத் தானே வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. ஆலைக்குள் நடந்த எந்தச் சிக்கனத்தையும்விட இதுவே பெரிய மாற்றம் என்று சொல்லலாம். இரண்டு நூற்றாண்டு திருடனாகப் பார்க்கப்பட்ட விவசாயி சரக்கு தருபவரானார்.

பங்குச் சந்தையில் முன்னணியில் உள்ள 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதிப்படி பொறுப்புணர்வு அறிக்கை தர வேண்டும். சோப்பு நிறுவனமோ அரசுடையது, பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லை. அந்தக் கட்டாயமும் இல்லை. விவசாயியை நாடிய மாற்றம் அறிக்கையில் நிரப்பும் கட்டங்களால் வந்ததல்ல, கிடங்கு காலியானதால் வந்தது.

விவசாயிகளோடான இந்தத் திட்டமும் சிக்கலற்றதல்ல. வைரம் பாயும் வயதில்தான் திருடர்களின் கண் விழும். பெங்களூரில் காவலுள்ள வளாகங்களிலேயே சந்தனத்தை வெட்டிக்கொண்டு போகும்போது, காட்டோரத் தோட்டத்துக்காரர் கம்பிவேலி, நாய், இரவுக் காவல் என்று பல ஆண்டுகள் முதலீடு செய்ய வேண்டியிருக்கிறது.

கோபிநத்தத்திலும் தொழில் மாறியிருக்கிறது. ஊரைச் சுற்றிய காட்டில் ஒரு பகுதி 1987இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாயிற்று. ஊருக்கு அருகிலுள்ள அணைக்கரையில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் கூடார முகாம் நடத்துகிறது. காட்டு நடைக்குப் பயணிகளை அழைத்துப் போக, எந்த ஓடை எங்கே தேங்கும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்று அறிந்தவர்கள் வேண்டும். ஊரில் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை.