ஒரே மூச்சில் கடலுக்குள்

காற்று உருளையைச் சுமக்காமல், நீருக்கு மேலே இழுத்த ஒரே மூச்சை நெஞ்சுக்குள் நிறுத்திக்கொண்டு நீருக்கடியில் போய்வருவது மூச்சடக்கி முக்குளித்தல். ஃப்ரீ டைவிங் என்ற பெயரில் இன்று பல நாட்டுக் கடற்கரைகளில் இது கற்றுத்தரப்படுகிறது. செய்திகளில் அடிபடுவது இதன் போட்டி வடிவம். அங்கே வீரர்கள் 100 மீட்டருக்கும் கீழே கயிற்றோரமாக இறங்கி ஏறுகிறார்கள். ஆனால் இதில் ஈடுபடுவோரில் மிகப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. 5 மீட்டரிலோ 15 மீட்டரிலோ பவளப்பாறை ஓரமாக நீந்தி, ஆமையையோ மீன் கூட்டத்தையோ அருகில் பார்த்துவிட்டு மேலே வருவதுதான் அவர்கள் தேடும் இன்பம். ஸ்கூபாவில் ஓயாமல் எழும் குமிழிகளின் இரைச்சல் இதில் கிடையாது. மீன்களும் அவ்வளவாக மிரளுவதில்லை.

இன்பத்துக்காக மூழ்குவது அண்மைக்காலப் பழக்கம். பிழைப்புக்காக மூழ்கியவர்களின் வரலாறு மிக நீண்டது. கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ எனப்படும் பெண்கள், பலர் முதுமையிலும், சிப்பியும் பாசியும் எடுக்க இன்றும் கடலில் இறங்குகிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கோத்துக் கீழே இறங்கினார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சைகை கொடுத்ததும் இழுத்துத் தூக்குவார். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. உயிரை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி இத்தொழிலில் எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பேச்சே காட்டுகிறது.

மனித உடல் எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதில் மருத்துவ உலகம் நெடுங்காலம் தவறான முடிவில் இருந்தது. 1949-இல் இத்தாலிய விமானப்படை அதிகாரி ராய்மோண்டோ பூக்கர் ஒரு பந்தயத்துக்காக நேப்பிள்ஸ் அருகே 30 மீட்டர் இறங்கத் துணிந்தபோது, நுரையீரல் நசுங்கிவிடும் என்று எச்சரித்தார்கள். அவர் நலமாகத் திரும்பினார். 1976-இல் பிரான்ஸ் நாட்டு ஜாக் மாயோல் எல்பா தீவருகே 100 மீட்டரைத் தொட்டார். இது எப்படி முடிந்தது? முகம் நீரில் பட்டு மூச்சு நின்றதும் இதயத்துடிப்பு குறைகிறது. கைகால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை கிடைக்கிறது. மண்ணீரல் சுருங்கி, தான் தேக்கிவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கலக்கிறது. ஆழம் கூடக் கூட நெஞ்சுக்கூட்டின் குழாய்களில் ரத்தம் நிறைந்து, சுருங்கும் நுரையீரலுக்கு ஈடுகொடுக்கிறது. திமிங்கிலத்துக்கும் நீர்நாய்க்கும் உள்ள இந்த அனிச்சைச் செயல் நம்மிடமும் இருக்கிறது. இந்தோனேசியாவில் கடலில் மூழ்கிப் பிழைக்கும் பஜாவு மக்களின் மண்ணீரல், பக்கத்தில் நிலத்தில் வாழும் சாலுவான் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என்று 2018-இல் வெளியான ஆய்வு கண்டது.

புதிதாகக் கற்பவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மூச்சு அன்று, காதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, உடலுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. 30 மீட்டரில் அது கால்வாசி. ஆக, மிகப் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் பின்பகுதியால் காற்றைக் காதுக்குழாய்க்குள் தள்ளும் ஃப்ரென்சல் முறையைப் பழகாதவருக்கு இரண்டு, மூன்று மீட்டரிலேயே வலி தொடங்கும். வலியோடு கீழே போனால் செவிப்பறை கிழியலாம். ஆழத்தில் நீச்சல் கண்ணாடியும் உதவாது. மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி இருந்தால்தான், மூக்கு வழியே சிறிது காற்றை விட்டு அதன் உட்புற அழுத்தத்தைச் சமன்செய்ய முடியும்.

காது வசப்பட்டவருக்கு உண்மையான பரிசு சுமார் 10 மீட்டருக்குப் பிறகு கிடைக்கிறது. எடைகள் சரியாகக் கட்டப்பட்டிருந்தால் அந்த ஆழத்தில் உடல் மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது. அதற்குக் கீழே துடுப்பை அசைக்காமலே உடல் தானாக இறங்கும். போட்டியில் ஒருமுறைகூடக் கலந்துகொள்ளாதவர்களும் ஆண்டுதோறும் கடலுக்குத் திரும்பி வருவது இந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

போட்டியின் உச்சத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர் பிரான்ஸின் கியோம் நேரி. 2015-இல் சைப்ரஸில் அவர் 129 மீட்டர் ஆழத்தை அறிவித்திருந்தார். அமைப்பாளர்களின் தவறால் கயிறு 139 மீட்டர் வரை விடப்பட்டிருந்தது. அடிவரை போய்த் திரும்பிய நேரி, நீர்மட்டத்துக்கு அருகே நினைவிழந்தார். உயிர்பிழைத்த அவர் போட்டியிலிருந்து விலகினார். பிறகு ஜூலி கோத்தியே ஒளிப்பதிவு செய்ய, பல நாட்டுக் கடல்களில் ஒரே மூச்சில் நடந்தும் நீந்தியும் செல்லும் படத்தை 2019-இல் வெளியிட்டார். அதில் ஆழக் கணக்கும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை.

போட்டி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவதுதான் இத்துறையின் மிகக் கொடிய தவறு. 1992-இல் தொடங்கிய ஐடா அமைப்பின் போட்டிகளில் முதல் மரணம் 2013-இல்தான் நிகழ்ந்தது. பஹாமாஸின் டீன்ஸ் புளூ ஹோல் என்ற கடற்குழியில் அமெரிக்கர் நிக்கலஸ் மேவோலி இறந்தார். போட்டிகளில் பாதுகாப்பு வீரர்களும் மருத்துவரும் தயாராக நிற்பதால்தான் அத்தனை ஆண்டுகள் அப்படி நடக்கவில்லை. விடுமுறைக் கடலில் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. 41 உலகச் சாதனைகளைப் படைத்த ரஷ்யாவின் நத்தாலியா மல்ச்சானவா, 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் ஃபோர்மென்தேரா தீவருகே காணாமல் போனார். அன்று அவர் இறங்கியது அவருக்கு மிகச் சாதாரணமான ஆழத்துக்கு. உடல் கிடைக்கவே இல்லை.

ஆபத்து சத்தமில்லாமல் வருவதற்குக் காரணம் உண்டு. மூச்சுவிடத் தூண்டுவது முதன்மையாக ரத்தத்தில் ஏறும் கரியமிலவாயு. ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவு தெளிவாக உணர்வதில்லை. இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமிலவாயு வெளியேறிவிடும், ஆக்சிஜன் சொல்லும்படி கூடாது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது போன்ற செயல் அது. மேலே ஏறும்போது நீரழுத்தம் குறைவதால் நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தமும் சரசரவென்று விழுகிறது. கடைசி 10 மீட்டரில், சில வேளை தலை நீருக்கு வெளியே வந்த பிறகுகூட, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். தாக்குவது நீச்சல் தெரியாதவர்களை மட்டுமன்று. நன்றாக நீந்துபவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

இதற்கு மருந்து எளியது. ஒருவர் கீழே போகும்போது மற்றவர் மேலே நிற்க வேண்டும். ஏறிவருபவரை வழியிலேயே எதிர்கொண்டு, அவர் தலை வெளியே வந்த பின்னும் 30 நொடி கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நினைவு தப்பினால் முகத்தை நீருக்கு மேலே பிடித்து, முகமூடியைக் கழற்றி, கன்னத்தில் ஊதிப் பெயர் சொல்லி அழைத்தாலே பலர் மூச்சுவிடத் தொடங்கிவிடுவார்கள். துணை இல்லாதவருக்கு அதே சில நொடிகளில் உயிர் போய்விடும். கீழே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இருமடங்கு மேலே ஓய்வெடுப்பதும், இறங்கும்போது சுவாசக் குழாயை வாயிலிருந்து எடுத்துவிடுவதும் வகுப்பில் கற்றுத்தரப்படும் பழக்கங்கள்.

கற்க நல்ல இடங்கள் நிறைய உண்டு. எகிப்தின் தஹாபில் புளூ ஹோல் கரையை ஒட்டியே ஆழமாகிறது. பாலியின் துலம்பெனில் 1942-இல் தாக்கப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் லிபர்ட்டியின் மேற்பகுதி, தொடக்க நிலையில் இருப்பவரும் எட்டும் ஆழத்தில் கிடக்கிறது. கடலே வேண்டாம் என்பவர்களுக்கு இத்தாலியின் மோண்டேக்ரோட்டோவில் 40 மீட்டருக்கும் சற்று ஆழமான வெந்நீர்க் குளம் 2014 முதல் இருக்கிறது. முதல் நிலைப் பயிற்சி பெரும்பாலும் 16 முதல் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். நினைவிழந்தவரை மீட்கும் பாடமும் அந்த நிலையிலேயே தொடங்குகிறது. ஆகவே வகுப்பில் சேர நினைப்பவர் தனியாகச் சேர வேண்டாம். பிறகும் கூடவே கடலுக்கு வரக்கூடிய ஒரு நண்பரையும் சேர்த்துவிடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை, இடுப்பளவு நீச்சல் குளத்தில்கூடத் தனியாக மூச்சடக்கிப் பார்க்காதீர்கள்.