கணக்கதிகாரியின் காலையும் மாலையும்

உள்ளம் நாடும் தொழில் ஒன்று, ஊதியம் தரும் தொழில் மற்றொன்று என்னும் நிலையை நம்மில் பலர் அறிவோம். இவ்விரண்டுக்கும் இடையே பத்தாண்டுகள் வாழ்ந்தவர் சர் சி. வி. ராமன்.

1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறிய ராமனுக்குப் பௌதிகத்தில் தீராத நாட்டம். ஆனால், அந்நாளில் நம் நாட்டு இளைஞர் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க இயலாது. சீமைப் பயணத்தை உடல்நிலை தாங்காது என்று மருத்துவரும் கூறிவிட்டார். ஆகவே நிதி இலாகாத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கௌண்டன்ட் ஜெனரலாக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19 நிரம்பவில்லை.

அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகையை அவர் கண்டார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, அவற்றை எடுத்தாள ஆள் இல்லை. அந்த ஏக்கத்துடனேயே நிறுவியவர் 1904-இல் மறைந்தார். ஆளைத் தேடிய இடமும் இடத்தைத் தேடிய ஆளும் சந்தித்தது நம் நற்பேறு என்றே சொல்வோம்.

விடியற்காலையில் சங்கம், பத்து மணிக்குள் அவசரமாக உண்டு அலுவலகம், மாலை ஐந்துக்குப் பின் மீண்டும் சங்கம், இரவு வெகுநேரம் கழித்தே வீடு. பிடில் போன்ற வாத்தியங்களின் தந்தி அதிர்வை அவர் ஆராய்ந்தது இவ்விடைவேளைகளில்தான்.

அலுவலில் அவர் சோர்ந்தாரோ எனில், இல்லை. இலாகா அவரைத் திறமையுள்ள அதிகாரியாகவே மதித்தது. கோப்புகளுடன் காலங்கழிக்கும் நாம் இதைச் சற்று உற்றுநோக்க வேண்டும். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோது பதவியும் சம்பளமும் குறையவில்லை. குறைந்தது அந்த ஆய்வுக்கூடம் ஒன்றே. 1911-இல் கல்கத்தா திரும்பியதும் சங்கத்தை ஒட்டிய வீட்டிலேயே குடியேறினார்.

சர் அசுதோஷ் முகர்ஜி பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை அளிக்க முன்வந்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டுமென்ற நிபந்தனைக்கு ராமன் இணங்கவில்லை. அவருக்காக அது தளர்த்தப்பட்டது. சம்பளமோ வெகுவாகக் குறையும். குடும்பஸ்தர் ஒருவர் இத்தகைய கணக்கை எளிதில் போடுவதில்லை. 1917-இல் ராமன் சர்க்கார் உத்தியோகத்தைத் துறந்தார்.

பேராசிரியரான பின்னரும் அவர் பௌபஜார் தெருவை விடவில்லை. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவு புலப்பட்டதும் அச்சங்கத்தின் கூடத்தில்தான்.